எட்டு ஏன் வீங்கியிருக்கிறது?

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்த குறிப்புக்கு இது பதில். பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். பாதிப் பேர் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தவர்கள். அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உள்ளே வருகிற கவிதை நவீனமாக இருக்கிறது, முகப்போ கிருஹப்பிரவேச அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது, ஆகவே அடுத்த இதழிலிருந்து பத்திரிகையின் பெயரும், கவிதைத் தலைப்புகளும், கூடுமானால் கவிதைகளுமே தடித்த ஜியோமிதி எழுத்தில் வர வேண்டும். நெளிவும் குஞ்சமும் இல்லாத, காம்பஸும் ஸ்கேலும் பெற்றுப்போட்ட எழுத்து. இயந்திர யுகத்தின் எழுத்து. மேற்கே நவீனத்துவம் எழுத்துருவில்தான் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது என்று ஒரு சரித்திரத் தீர்ப்பும் கூடவே வழங்கியிருக்கிறார்.

குறிப்போடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். மாதிரிப் பக்கம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் தயாரித்து எங்களுக்குள் சுற்றுக்கு விட்டிருந்தார். அதில் பத்திரிகையின் பெயர் ஆங்கிலத்திலும் இருந்தது. அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை.

அதன் பெயர் வெஸ்ட்மின்ஸ்டர். ஒரு கால் மெலிந்து, மறு கால் யானைக்கால் வியாதி கண்டதுபோலத் திடீரென்று வீங்கி, மூலைகள் மழுங்கி நிற்கும் எழுத்து. கம்ப்யூட்டர், ராக்கெட், வேற்றுக்கிரகம் என்று எதையாவது எதிர்காலத்தோடு முடிச்சுப்போட வேண்டியிருந்தால், 1960களின் கடைசியிலிருந்து புத்தக அட்டைக்காரர்களும் இசைத்தட்டு உறைக்காரர்களும் யோசிக்காமல் கை நீட்டி எடுத்த ரகம். இதைத்தான் நண்பர் இயந்திர யுகத்தின் பிரக்ஞை என்கிறார். இந்த எழுத்தின் மூலம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. நான் அந்த மூலத்தைச் சம்பளத்துக்காகத் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவன்.

ஏதாவது ஒரு செக்கை எடுத்துப் பாருங்கள். கீழ் ஓரத்தில் வேறெதுவும் அச்சிடாமல் விட்ட வெள்ளைப் பட்டையில் எண்கள் வரிசையாக நிற்கும். முதலில் ஆறு இலக்கம், செக் நம்பர். அடுத்து ஒன்பது இலக்கம். ஊருக்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. சென்னை என்றால் 600 என்று தொடங்கும். இந்த எண்களின் எழுத்துக்கு ஈ-13-பி என்று பெயர். பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்காக ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 1950களில் நடந்த வேலையின் விளைவு. பெயரில்கூடக் கவித்துவம் கிடையாது. பரிசீலனைக்கு வந்த வடிவங்களில் ஐந்தாவது, ஆகையால் ஈ. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 13 பங்கு அளவுள்ள கட்டங்களின்மேல் வரைந்தது, ஆகையால் 13. இரண்டாவது திருத்தம், ஆகையால் பி.

அந்த மசியில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருக்கிறது. செக் ஓடும்போது முதலில் ஒரு காந்தம் மசியைக் காந்தமாக்கும். அதற்கடுத்த முனை அதைப் படிக்கும். படிக்கும் என்பது நம் வார்த்தை. அந்த முனைக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. செங்குத்தான ஒரு கீற்றின் வழியே இந்தக் கணத்தில் எவ்வளவு மசி கடக்கிறது, முந்தின கணத்தைவிடக் கூடிற்றா குறைந்ததா என்பது மட்டும் தெரியும். எண்ணின் வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரம் வரை இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையாகப் பதிவாகிறது. பத்து எண்கள், நான்கு குறிகள், ஆகப் பதினான்கு அலைகள். ஒன்று இன்னொன்றோடு குழம்பக் கூடாது. பிரச்னை இவ்வளவுதான். பூஜ்யத்துக்கும் இரண்டு பக்கமும் கோடு, எட்டுக்கும் இரண்டு பக்கமும் கோடு. எட்டின் கீழ்ப்பாதி வீங்கியிருப்பது அதன் அலை தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒன்றின் அடியில் கட்டை கட்டியிருப்பதும் அப்படித்தான். இரண்டுக்கு வீக்கம் தேவைப்படவில்லை. அது மெலிந்தே நிற்கிறது.

காந்தம் எதற்கு, ஒளி போதாதா என்று கேட்கலாம். செக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கையெழுத்து பட்டைக்குள் இறங்கிவிடும். நாங்கள் அதன்மேலேயே ரப்பர் ஸ்டாம்பைக் குத்துவோம். சாதாரண மசி எத்தனை அப்பினாலும் காந்த முனைக்கு அது இல்லாத ஒன்று. இவ்வளவுக்கும் நடுவில் கண்ணால் படிக்கிற குமாஸ்தாவுக்கும் எட்டு எட்டாகவே தெரிய வேண்டும். (பிரெஞ்சுக்காரர்கள் இதே பிரச்னைக்கு வேறு விடை கண்டார்கள். அவர்களுடைய எண் ஒவ்வொன்றும் ஏழு செங்குத்துக் கம்பிகளாக நறுக்கப்பட்டிருக்கும். சீப்பின் வழியாகப் பார்ப்பதுபோல.) நம் நாட்டில் 2008இல் டெல்லியிலும் 2011இல் சென்னையிலும் தொடங்கிய முறைப்படி இப்போது க்ளியரிங்குக்குச் செக் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

தெரியாதவனுக்கு அது அவலட்சணம். தெரிந்தபின் அதில் ஒரு கோட்டைக்கூட எடுக்க மனம் வராது. இந்த எழுத்தை நான் வெறுக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை விவரம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஈ-13-பியில் எண்களும் குறிகளும் உண்டு. ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. 1960களின் நடுவில் லண்டனில் லியோ மாக்ஸ் என்ற வடிவமைப்பாளரிடம், ராயல் ஆப்பெரா ஹவுஸ் ரசிகர்களின் பத்திரிகைக்கு ஒரு கட்டுரைத் தலைப்பை எதிர்காலத் தோரணையில் எழுதித் தரச் சொன்னார்கள். அவர் செக் எண்களைப் பார்த்தார். அவற்றின் வீக்கத்தையும் மழுங்கிய மூலையையும் எடுத்துத் தலைப்பை எழுதினார். பிறகு சொந்த நேரத்தில் மீதி எழுத்துகளையும் வரைந்து முடித்தார். எலும்புக்கூட்டுக்கு எங்கே போனார் தெரியுமா? கில் சான்ஸின் அளவுகளுக்கு. இங்கிலாந்துக்காரர்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் போர்டில் பழகிப்போன, சாதுவான எழுத்து. அதன்மேல் இயந்திரத்தின் சட்டையை மாட்டினார். ராபர்ட் நார்ட்டனின் ஃபோட்டோஸ்கிரிப்ட் கம்பெனி அதை வெளியிட்டது. ஒரு வங்கியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1970இல் லெட்ராசெட்டுக்காக பாப் நியூமன் வரைந்த டேட்டா 70 இதற்குப் பங்காளி. அதன் பிறகு எத்தனையோ.

எந்தக் காந்த முனையும் வெஸ்ட்மின்ஸ்டரின் எம்-மைப் படிக்கப் போவதில்லை. எம்-முக்கு எங்கே வீங்க வேண்டும், டபிள்யூ-வுக்கு எங்கே என்பதைத் தீர்மானிக்க அலை இல்லை, மசி இல்லை, செக் இல்லை. வரைகிறவனின் ரசனை மட்டுந்தான் உண்டு. செக்கில் வீக்கம் ஒவ்வொரு எண்ணையும் மற்றதிலிருந்து பிரிப்பதற்கு வந்தது. இங்கே எல்லா எழுத்துகளையும் ஒரே மாதிரி தோன்றவைப்பதற்கு வந்திருக்கிறது. அதாவது மூலத்தில் அது செய்துகொண்டிருந்த காரியத்துக்கு நேர் எதிரான காரியம். நண்பர் இயந்திரம் என்று கைகாட்டுவது இயந்திரத்தைப் பார்த்துப் பரவசப்பட்டவர்களின் எழுத்தை. எந்த இயந்திரத்துக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

மாக்ஸ்மேல் எனக்குக் குற்றமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்பு கேட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு அது பொருந்தியிருக்கும். மீதி எழுத்துகளைச் சிரத்தையோடு கட்டியிருக்கிறார். பின்னால் வந்த நகல்களைப் பார்த்தால் அவருடைய கை எவ்வளவு நிதானமானது என்பது விளங்கும். என் சண்டை அதை ஒரு தத்துவமாக்கி நம் தலையில் கட்டப் பார்க்கிறவரோடு.

வெஸ்ட்மின்ஸ்டர் ஒரு விளையாட்டு, அதை விட்டுவிடு, ஜியோமிதி எழுத்து என்று நான் சொன்னது சுத்த வட்டமும் சுத்த நேர்கோடும் ஆன எழுத்தை, என்று நண்பர் இப்போது சொல்வார். நல்லது. பால் ரென்னர் வரைந்து ஃபிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்படக்கூடம் 1927இல் வெளியிட்ட ஃப்யூச்சுராவை எடுத்துக்கொள்வோம். இந்த ஜாதிக்கே அதுதான் பிதாமகர். அதன் முதல் வரைவுகளில் காம்பஸ் புத்தி கொண்ட சில விசித்திர எழுத்துகள் இருந்தன. விற்பனைக்கு வந்தபோது பெரும்பாலும் களையப்பட்டுவிட்டன. மிச்சமான எழுத்தை ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். படுக்கைக் கோடு, நிற்கும் கோட்டைவிட மெலிது. சம கனத்தில் போட்டால் படுக்கைக் கோடு தடிமனாகத் தெரியும். நம் கண் அப்படி. வட்டம், பக்கத்து எழுத்தின் உயரத்தைவிட மேலும் கீழும் ஒரு மயிரிழை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் குள்ளமாகத் தெரியும். வட்டமும் காலும் சேருமிடத்தில் கோடு மெலிந்துவிடும். இல்லாவிட்டால் அங்கே மசிக் கறை கட்டும். தடித்த எழுத்தில் இந்தத் தகிடுதத்தம் இன்னும் அதிகம். கோடு தடிக்கத் தடிக்க உள்ளே அடைபட்ட வெள்ளை சுருங்குகிறது. அதைக் காப்பாற்ற வட்டத்தை அகட்ட வேண்டும், ஓரிடத்தில் ஒடுக்க வேண்டும். உண்மையான காம்பஸ் வட்டத்தைப் போட்டால் அது கோணலாகத் தெரியும். ஜியோமிதி போலத் தெரிவதற்காக ஒவ்வொரு அங்கத்திலும் ஜியோமிதியை மீறியிருக்கிறார் ரென்னர். காம்பஸும் ஸ்கேலும் பெற்றுப்போட்ட எழுத்து என்று நண்பர் எழுதும்போது அந்த மனிதர் ராப்பகலாக உழைத்ததைப் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி பேசுகிறார்.

(அந்த ரென்னரை 1933இல் நாஜிகள் கைது செய்து பள்ளி வேலையிலிருந்தும் நீக்கினார்கள். அவருடைய எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தது. எழுத்துருவில் கொள்கை குடியிருக்கிறது என்று நம்புகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.)

நம்மைப்போன்றவர்களுக்கு இதைவிட நெருக்கமான கதை ஒன்று உண்டு. ரால்ஃப் கின்ஸ்பர்க் என்ற பத்திரிகையாளர் 1968இல் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பெயரே 'அவாங்கார்ட்'. முந்தைய பத்திரிகைக்காக ஆபாச வழக்கில் மாட்டிக்கொண்டு, 1966இல் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றவர். 1972இல் எட்டு மாதம் சிறையிலும் இருந்தார். பத்திரிகையின் பெயரை எழுதியவர் ஹெர்ப் லூபாலின். அந்தப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளும் சரிவான கால் உள்ளவை: ஏ, வி, ஏ. சாதாரணமாக அச்சுக்கோத்தால் இந்த மூன்றுக்கும் இடையில் பள்ளம் விழும். லூபாலின் ஒன்றின் சரிவில் இன்னொன்றைச் சாய்த்து ஒட்டினார். பள்ளம் மறைந்தது, பத்து எழுத்துகள் ஒரே கட்டியாக, நகர்த்த முடியாத ஒரு சொல்லாக நின்றன. அந்தச் சொல்லுக்கு அதைத் தவிர வேறு வடிவம் இருக்க முடியாது என்று தோன்றும்.

1970இல் ஐ.டி.சி. என்ற கம்பெனியை லூபாலினும் கூட்டாளிகளும் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் சரக்குகளில் ஒன்று, அந்தப் பத்து எழுத்துகளிலிருந்து லூபாலினும் டாம் கார்னாஸும் பெருக்கிய முழு நெடுங்கணக்கு. இணைப்பெழுத்துகள் ஏராளமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்திரிகை 1971இல் நின்றுபோயிற்று. எழுத்து நிற்கவில்லை. சாய்ந்த ஏ-யை வாங்கியவர்கள், பக்கத்தில் சாய்வதற்கு வி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நிமிர்ந்து நிற்கிற எழுத்துகளுக்கு நடுவில் அது குடிகாரனைப்போல் சாய்ந்து நின்றது. அப்புறம் 1980களில் லேசர் பிரிண்டர்களுக்குள்ளேயே அதைப் போட்டுக் கொடுத்தபோது இணைப்பெழுத்துகளைக் கழற்றிவிட்டு வெறும் வட்டங்களை மட்டும் கொடுத்தார்கள். 1991இல் மோனோடைப் அதே அகல அளவுகளில் செஞ்சுரி காதிக் என்று ஒன்றை இறக்கியது. நண்பரின் கம்ப்யூட்டரில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். கட்சிக்காரர்கள் எல்லோரும் செத்தபின் மிஞ்சிய கட்சிக் கொடி.

அப்படியானால் தடித்த ஜியோமிதி எழுத்துக்கு உபயோகமே இல்லையா? உண்டு. அது கூவுவதற்கு உண்டானது. நாலு வார்த்தை, பெரிய அளவு, தூரத்துப் பார்வை. பார்பரா க்ரூகரைச் சொல்வேன். பெண்கள் பத்திரிகை ஒன்றில் பக்க வடிவமைப்பு வேலை பார்த்தவர். விளம்பரம் எந்தக் குரலில் வாசகியை அதட்டுகிறது என்பதை அங்கேயே கற்றவர். அந்தக் குரலையே, சிவப்புப் பட்டையில் தடித்துச் சாய்ந்த வெள்ளை ஃப்யூச்சுராவில், விளம்பரத்துக்கு எதிராகத் திருப்பினார். வேறெந்த எழுத்தும் அங்கே ஆகியிருக்காது. அதையே 1994இல் தொடங்கிய சுப்ரீம் என்ற சட்டைக்கடை தன் முத்திரையாக எடுத்துக்கொண்டது. சிவப்புப் பட்டை, சாய்ந்த ஃப்யூச்சுரா, அப்படியே. சட்டை நன்றாக விற்கிறது.

கவிதையை இந்த எழுத்தில் அச்சிடலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு என் பதில் கூடாது என்பது. ரசனை காரணமாக அல்ல. கண் எழுத்தை வித்தியாசத்தால்தான் பிடிக்கிறது. ஜியோமிதி எழுத்தின் ஆசையோ எல்லாவற்றையும் இரண்டு மூன்று வடிவங்களுக்குள் அடக்குவது. ஆங்கிலத்தின் சின்ன பி, டி, க்யூ எல்லாம் ஒரே வட்டத்தின் இடத்தில் வலத்தில் ஒரே குச்சியை மேலும் கீழும் நகர்த்தி வைத்தவை. பத்து வரி படித்துப் பாருங்கள், கண் வலிக்கும். தடிப்பில் அது இன்னும் மோசம். எண்களில் போய்ப் பாருங்கள், 3, 6, 8, 9 நான்கும் உள்ளே வெள்ளை இல்லாமல் அடைத்துக்கொண்டு ஒரே குண்டாக நிற்கும். எண்ணைப் படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒன்றைத் தப்பாகப் படித்தால் சாயங்காலம் கேஷ் டாலியாகாது. வித்தியாசத்தைத் தியாகம் செய்து அழகு வாங்குகிற எழுத்தை எனக்கு அவ்வளவு லேசாக ரசிக்க வராது.

புதிய பிரச்னையைத் தீர்த்த எழுத்து கண்ணுக்குப் புதியதாகத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஈ-13-பிக்குப் பத்து வருஷம் கழித்து, 1968இல், ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் ஓ.சி.ஆர்.-பி என்றோர் எழுத்தை முடித்தார். இயந்திரம் ஒளியால் படிக்க வேண்டும், மனிதனும் முகம் சுளிக்காமல் படிக்க வேண்டும். அவர் பட்ட பாடெல்லாம் இயந்திரத்தின் அடையாளம் வெளியே தெரியாமல் போக்குவதற்கு. உங்கள் பாஸ்போர்ட்டின் கீழே இரண்டு வரி இருக்கிறதே, அதுதான். பார்த்திருப்பீர்கள், நினைவிருக்காது. நம்மூரிலும் 1978இல் அரசு ணை, லை, ளை, னை எழுத்துகளின் தும்பிக்கையை வெட்டியது. பெரியார் 1935இலிருந்து 'குடி அரசி'ல் செய்துகாட்டியதில் ஒரு பகுதி. அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் தனி வடிவங்கள் குறைந்தன. இன்று லையைப் பார்த்து யாரும் நவீனம் என்று சொல்வதில்லை. அது அவ்வளவு முழுமையாக ஜெயித்துவிட்டது.

இப்போது நண்பரின் மாதிரிப் பக்கத்தின் தமிழ்ப் பாதிக்கு வருகிறேன். ஒரு கவிதையின் தலைப்பு தடித்த எழுத்தில் 'வான்' என்று இருந்தது. பெண் பார்க்கும் சடங்கைப் பற்றிய கவிதை. ஆகாயத்துக்கும் பெண் பார்ப்பதற்கும் என்ன உறவு என்று நாங்கள் மூன்று பேர் ஆழமாக விவாதித்தோம். ஒருவர் படிமம் என்றார். பிறகு கவிஞரே வந்து தலைப்பு 'வரன்' என்று சொன்னார்.

இது அச்சுப்பிழை இல்லை. ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரிப்பது அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னப் பாதந்தான். குஞ்சம் வேண்டாம் என்று கிளம்பியவர் முதலில் வெட்டியது அதை. வெட்டினால் தரம் தாமாகும், பரவை பாவையாகும், கண்ணகியின் சிலம்பில் பரலுக்குப் பதில் பால் இருக்கும். மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு சுழி. சுழிக்குள் இருக்கும் ஒரு துளி வெள்ளைதான் அதைச் சுழியாக்குகிறது. கோட்டைத் தடித்துச் சுழியை அடைத்தால் இரண்டும் ஒரே கரிய உருண்டை. ஆங்கிலத்தின் ஓ-வைச் சுத்த வட்டமாக்கினால் ஓர் அழகாவது மிஞ்சுகிறது. தமிழில் சுத்த வட்டமான எழுத்து எது? டகரம் ஒரு மூலை, பகரம் மூடாத பெட்டி. இந்த இரண்டைத் தவிர்த்தால் காம்பஸ் ஸ்கேலுக்குக் கீழ்ப்படிகிற எழுத்து அபூர்வம். இந்த எழுத்துகளுக்குத் தடித்த ஜியோமிதி வடிவம் சாத்தியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாத்தியமானால் அது இந்த வித்தியாசங்களிலிருந்து பிறக்க வேண்டும். ரகரத்தின் பாதத்தை வெட்டாமல், அதையே தடிக்க வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற கை வேண்டும். எட்டை வீங்க வைத்தவர்கள் செய்தது அதுதான். நண்பர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது வீக்கத்தை.

எழுத்துருவோடு நிற்கிற விஷயமானால் இத்தனை பக்கம் கேட்டிருக்க மாட்டேன். நமக்கு வருகிற கவிதைகளைப் படித்துப் பொறுக்குகிறவர்களில் நானும் ஒருவன். வரியை ஒரு காலத்தில் உடைத்தார்கள்; எதுகைக்காகச் சேர்ந்த அடைமொழிகளை உதறுவதற்கும், பேசுகிறவனின் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே நிற்பதற்கும். அதில் ஒவ்வொரு உடைவுக்கும் காரணம் கேட்டால் கவிதை சொல்லும். இப்போது தபாலில் வருபவற்றில் உடைவு இருக்கிறது, கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு சொல்லை நாலாக வெட்டி மாடிப்படி போல் இறக்குகிறார்கள். முற்றுப்புள்ளியை எடுத்துவிடுகிறார்கள். கீழே ஒரு கண்ணாடி, ஒரு நிழல், ஓர் ஒற்றைச் செருப்பு. செக் எண்ணின் வீக்கத்தை எம்-முக்கும் டபிள்யூ-வுக்கும் ஒட்டியதுபோலவே இருக்கிறது. இவற்றைத் தடித்த ஜியோமிதியில் அச்சிட்டால் இன்னும் நவீனமாகத் தெரியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, தெரிவதுதான் பயம். பக்கத்தைப் புரட்டுகிறவன் கவிதையைப் படிக்கும் முன்பே அது நவீனம் என்று அவனுக்குச் சொல்லிவிடுகிற பக்கத்தில், படிக்கிற வேலையை யார் செய்வார்கள்? அந்த 'வான்' விஷயத்தில் நாங்கள் மூன்று பேரும் செய்யவில்லையே. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியதை நாம் நினைவில் வைத்திருப்பது அதன் அச்செழுத்துக்காக அல்ல.

அட்டையை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போதிருக்கிற தலைப்பெழுத்து எனக்கும் பிடித்தமில்லை. கிருஹப்பிரவேச அழைப்பிதழ் என்று நண்பர் சொன்னது சரிதான். அதற்குப் பதிலாக அவர் ஒரு வேலை செய்யட்டும். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, கட்டம் போட்ட தாளில், 'வரன்' என்றும் 'வான்' என்றும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து கொண்டுவரட்டும். தடித்தே இருக்கட்டும், ஜியோமிதியாகவே இருக்கட்டும். தெருவின் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரண்டாகத் தெரிய வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமானால் சனிக்கிழமை சாயங்காலம் நான் வருகிறேன். ஸ்கேலும் அழிரப்பரும் என்னிடம் இருக்கின்றன.